செய்கூலி கேளுங்கள், சேதாரம் வேண்டாம்

2019 ஆகஸ்டில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டு வந்தபோது என் மேஜுக்கு, அதாவது என் மந்திரவாதி கேரக்டருக்கு, நான் எடுத்த தொழில் என்சாண்டிங். அடுத்தவர் ஆயுதத்துக்கு மந்திரம் ஏற்றுவது, வேண்டாத மந்திரப் பொருள்களை உடைத்து ஷார்டு என்ற மந்திரத் துண்டும் தூளும் எடுப்பது, இதுதான் வேலை. குழுவில் என்சாண்டர் இருக்கிறார் என்றால் ஒரு கண் மரியாதையாகப் பார்க்கும், மறு கண் அவர் பையைப் பார்க்கும். நகை செய்யக் கொடுத்துவிட்டுப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

அந்தச் சந்தேகத்துக்கு நானும் என் பங்குக்குத் தீனி போட்டிருக்கிறேன். உச்ச நிலையான லெவல் 60 தொட்ட புதிதில் ஸ்ட்ராத்ஹோம் போனோம், குழுவாகப் போய்ச் சண்டையிடும் டஞ்சன்களில் ஒன்று அது. ஐந்து பேர். காயம் ஆற்றும் ஹீலர் என் கல்லூரி நண்பன், மற்ற மூவரும் முன்பின் தெரியாதவர்கள். வழியில் ரைச்சஸ் ஆர்ப் என்ற மெட்டீரியல் ஒன்று விழுந்தது. திரையில் நீட் (தேவை), க்ரீட் (கிடைத்தால் சரி), பாஸ் (வேண்டாம்) என்று மூன்று பட்டன். நீட் அழுத்தியவர் க்ரீட் அழுத்தியவரை முந்துவார். ஆயுதத்துக்கு க்ரூசேடர் என்ற மந்திரம் போட 4 லார்ஜ் பிரில்லியண்ட் ஷார்டும் 2 ரைச்சஸ் ஆர்பும் வேண்டும். நான்தான் என்சாண்டர், என்னைவிட யாருக்குத் தேவை என்று நீட் அழுத்தினேன். மற்ற நால்வரும் க்ரீட். இன்னொன்று விழுந்தது, அதற்கும் நீட். எதிரியின் அடியை முன்னால் நின்று வாங்கும் டேங்க், 'ஓகே'யைக்கூட முழுதாக எழுதாமல் சாட்டில் ஒரே ஒரு எழுத்து அடித்தார்: 'கே'. வேறு பேச்சே இல்லை. மீதி டஞ்சன் முழுக்க யாரும் எதுவும் சொல்லாமல் முடிந்தது.

இதில் கேவலம் என்னவென்றால், க்ரூசேடர் போடும் ஃபார்முலாவே அப்போது என்னிடம் கிடையாது. இரவு நண்பன் போன் செய்தான். "டேய், ஆர்ப்னா காசுடா. ஆக்ஷன் ஹவுஸ்ல போட்டா யாருக்கு வேணா விக்கும். நீ உண்டியல்ல கை விட்ட மாதிரி எடுத்துட்டு வர்றே" என்றான். அவன் சொல்லித்தான் விஷயமே புரிந்தது. என் தொழில் எனக்குச் சொந்தம். குழுவாக அடித்து விழுத்திய சரக்கு ஐந்து பேருக்கும் சொந்தம். செய்கூலி கேட்கலாம், தப்பில்லை. சேதாரம் என்று சொல்லிச் சரக்கிலேயே கை வைக்கக் கூடாது. நானும் சில நண்பர்களும் தப்பு செய்து செய்து பழகிய முறைகளை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் கிளாசிக்கிலிருந்துதான் வரும், எனக்குக் கை பழகியது அதுதான்.

முதல் அடிக்கு முன்னால்

பேச வேண்டியதை எல்லாம் டஞ்சன் வாசலிலேயே பேசிவிடுங்கள். பொருள் விழுந்த பிறகு நீங்கள் சொல்லும் விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வக்கீல் வாதம் மாதிரிதான் கேட்கும். அதையே வாசலில் சொன்னால் யாரும் இரண்டாவது முறை யோசிப்பதில்லை, ஏனென்றால் அங்கே இன்னும் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

நான் சாட்டில் போடுவது ஏறக்குறைய இப்படி இருக்கும் (ப்ளூ என்றால் நீல நிறத்தில் பெயர் தெரியும் அரிய பொருள்): "நான் என்சாண்டர். யாருக்கும் வேண்டாத ப்ளூவை என்னிடம் விடுங்கள், உடைத்து வைக்கிறேன், ஷார்டு கடைசியில் பங்கு. ஆர்ப் விழுந்தால் எல்லாரும் நீட். சரியா?" அந்தக் கடைசிச் 'சரியா' முக்கியம். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில்லுங்கள். இரண்டு பேராவது சரி என்று சொல்லட்டும். குழுத் தலைவர் வேறு முறை சொன்னால் அவர் முறைதான். அது பிடிக்கவில்லை என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம். பாதியில் கிளம்புவதுதான் பாவம்.

இன்னொன்று, உங்கள் தொழிலை மறைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் என்சாண்டர், சொன்னால் எல்லாரும் வேலை வாங்குவார்கள் என்று வாயே திறக்க மாட்டார். க்ரீட் ரோலில் ஜெயித்த ப்ளூக்களை வீட்டுக்குக் கொண்டுபோய் உடைப்பார். சட்டப்படி சரிதான். உடைக்கும்போது அவருடைய கை ஒளிர்வதை ஒரு நாள் நகர நடுவில் யாரோ பார்த்துவிட்டார்கள். பிறகு அவர் பெயரைக் கேட்டாலே சிரிப்பு.

நீட் என்றால் என்ன

இப்போதே, இந்தக் கேரக்டர், உடம்பில் போட்டுக்கொள்ளப் போகிறது என்றால் நீட். உடைக்க, விற்க, இன்னொரு கேரக்டருக்கு அனுப்ப என்றால் க்ரீட். கவசம், ஆயுதம் வரைக்கும் இதில் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது மெட்டீரியலில். ஒரு மெட்டீரியல் தொழிலாளிக்குத் 'தேவை' என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதற்குச் சந்தையில் விலை இருக்கும்வரை அது பணம்தான். பணம் எல்லாருக்கும் தேவை.

அதனால்தான் ஆர்ப் மாதிரிச் சரக்குக்கு எல்லாரும் நீட் என்பேன். எல்லாரும் க்ரீட் என்று வைத்தாலும் கணக்கு ஒன்றுதான், ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் எல்லாரும் க்ரீட் என்று பேசி வைத்த இடத்தில் ஒருவர் மட்டும், தெரிந்தோ கை தவறியோ, நீட் அழுத்தினால் பொருள் அவருக்குத்தான் போகும். நீட்டைத் தாண்டி அழுத்த இன்னொரு பட்டன் கிடையாது. எல்லாரும் நீட் என்றால் பூட்டு முதலிலேயே போட்டதாக ஆகிறது.

ரெசிபி விழுந்தால் வேறு நியாயம். எடுத்ததும் ஒட்டிக்கொள்ளும், விற்க முடியாத வகை ரெசிபி என்றால் அந்தத் தொழில் இருந்தும் இன்னும் கற்காதவருக்கே முதல் உரிமை. அதில் வாதமே வேண்டாம். விற்கக்கூடிய ரெசிபி என்றால் வாய் திறந்து கேளுங்கள்: "எனக்கு இது இல்லை, இங்கேயே கற்றுக்கொள்கிறேன், நீட் போடலாமா?" சரி என்றால் எடுத்த உடனே, எல்லாரும் பார்க்க, கற்றுக்கொள்ளுங்கள். பையில் வைத்து 'அப்புறம் கற்கிறேன்' என்பது மறுநாள் ஆக்ஷன் ஹவுஸில் போய் உட்காரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கை தவறி நீட் அழுத்திவிட்டால்? கிளாசிக்கில் ஒட்டிக்கொள்ளும் பொருளையும் 2 மணி நேரத்துக்குள், அந்தப் பொருளுக்குத் தகுதியாக அங்கே இருந்தவர்களிடம் கைமாற்றலாம். உடனே சொல்லிவிடுங்கள், உடனே கொடுத்துவிடுங்கள். அதை அணிந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஷார்டுப் பங்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், சண்டை அதிகம் வருவது இங்கேதான்.

டஞ்சனுக்குள் போகும்போதே பையில் பத்து இடமாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பை நிறைந்துவிட்டது என்று பாதியில் நின்று எதை எறியலாம் என்று தேடும் என்சாண்டர் எரிச்சலைத்தான் கிளப்புவார். யாருக்கும் வேண்டாத ப்ளூ விழுந்தால் மற்றவர்கள் பாஸ், நான் க்ரீட். உடைப்பதை ஹீலர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து மந்திர சக்தியான மனாவை நிரப்பும் நேரத்தில் வைத்துக்கொள்வேன். சண்டை நடக்கும்போது தலை குனிந்து பையைக் கிளறினால், அடுத்த கும்பல் முதலில் உங்கள் தலையில்தான் ஏறும்.

லெவல் 60 டஞ்சன் ப்ளூ ஒன்றை உடைத்தால் பெரும்பாலும் ஒரு லார்ஜ் பிரில்லியண்ட் ஷார்டு. எப்போதாவது, லாட்டரி விழுந்த மாதிரி, நெக்சஸ் கிரிஸ்டல் வரும். எது வந்தாலும் அதன் லிங்க்கை சாட்டில் ஒட்டுங்கள், எண்ணிக்கையோடு: "ஷார்டு 3 ஆச்சு." யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். கேட்ட பிறகு சொல்லும் கணக்குக்கு மதிப்பு பாதி.

டஞ்சனின் கடைசி எதிரித் தலைவன் விழுந்ததும் 7 ஷார்டு இருக்கிறது என்று வையுங்கள். ஆள் 5. ஆளுக்கு ஒன்று. மீதி 2. அந்த இரண்டையும் சேர்த்து ஒரே ரோலில் விடாதீர்கள். ஒன்றுக்கு ஒரு ரோல், இன்னொன்றுக்கு இன்னொரு ரோல். ரோல் கட்டளை 1 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தரும், பெரிய எண்ணுக்குப் பொருள். நீங்களும் ரோல் போடுங்கள், தியாகி வேடம் தேவையில்லை. நான்கு ட்ரேடு திறந்து மூடுவதற்குள் பாதிப் பேர் ஊருக்குத் திரும்ப வைக்கும் மந்திரக் கல்லை அழுத்திக் காணாமல் போயிருப்பார்கள். அவர்கள் பங்கைத் தபாலில் அனுப்புங்கள். பொருள் வைத்த தபால் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், அதனால் அனுப்பியதை விஸ்பரில், அதாவது தனிச் செய்தியில், சொல்லி வையுங்கள். ஒருவர் பாதியில் போக வேண்டியிருந்தால் அதுவரை சேர்ந்ததில் அவர் பங்கை அப்போதே கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை.

உடைத்ததற்குக் கூலி? ஐந்து பேர் டஞ்சனில் நான் கேட்பதில்லை. மூன்று விநாடி வேலை அது. "நீ ஒன்று கூட வைத்துக்கொள்" என்று அவர்களாகச் சொன்னால் வாங்கிக்கொள்வேன், இரண்டு முறை மறுத்து நாடகம் போட மாட்டேன்.

இந்தத் தலைவலியைத் தீர்க்க 2009 டிசம்பரில், 3.3 பேட்ச் என்ற புதுப்பிப்பில், ரோல் பெட்டியிலேயே பொருளை உடைக்கும் டிஸ்என்சாண்ட் பட்டன் ஒன்று சேர்த்தார்கள். குழுவில் தகுந்த திறனோடு ஓர் என்சாண்டர் இருந்தால் போதும், ஜெயித்தவர் பைக்கு ஷார்டாகவே போய்விடும். அந்தப் பேட்ச் இருந்த ராத் ஆஃப் தி லிச் கிங் விரிவாக்கத்தின் கிளாசிக் பதிப்புக்கு வந்தபோது பட்டனைப் பார்த்து நிம்மதி. கூடவே, கணக்கர் வேலை போய்விட்டதே என்று ஓர் ஏக்கமும்.

பறிப்பவர்கள், வெட்டுபவர்கள், உரிப்பவர்கள்

குழுவில் செடி பறிக்கும் ஹெர்பலிஸ்ட் ஒருவர்தான் என்றால் பூ எல்லாம் அவருக்கே, பங்கு கேட்பது வழக்கமில்லை. இரண்டு பேர் இருந்தால் மாறி மாறி. கிளாசிக்கில் ஒரே தாதுப் பாறையைப் பல முறை வெட்டலாம் என்பதால், தாது வெட்டும் மைனர் இரண்டு பேர் இருந்தால் அடிக்கு அடி மாற்றிக்கொள்ளலாம்.

குழு சண்டையில் இருக்கும்போது செடியை நோக்கி ஓடாதீர்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்றால், சொல்ல வேண்டும். அப்படி ஓடிய ஒருவரால் நாங்கள் ஐந்து பேரும் கல்லறையிலிருந்து ஆவியாக நடந்து வந்திருக்கிறோம். செடி எங்கும் போகாது.

தோல் உரிப்பவர்கள் விஷயத்தில் மரியாதை மற்றவர்கள் பக்கமும் இருக்கிறது. பிணத்திலிருக்கும் லூட் முழுவதையும் எடுத்தால்தான் உரிக்க முடியும். இரண்டு காசும் உடைந்த பல்லும்தானே என்று நீங்கள் விட்டுவிட்டுப் போனால், பாவம், ஸ்கின்னர் கத்தியோடு நின்றுகொண்டிருப்பார். குப்பையானாலும் எடுத்துவிடுங்கள். அதுபோலவே அப்பர் பிளாக்ராக் ஸ்பயர் டஞ்சனில் தி பீஸ்ட் என்ற மிருகத்தை உரிக்க 310 திறன் வேண்டும், சாதாரண உச்சமே 300தான். அந்தப் பத்தைக் கூட்டித் தரும் கத்தி இருப்பவர் முன்னாலேயே சொல்லிவிட்டால், கிடைக்கும் தோல் யாருக்கு என்பதையும் வாசலிலேயே பேசி முடித்துவிடலாம்.

அடுத்தவர் சரக்கு உங்கள் பையில் இருக்கும்போது

கிளாசிக்கில் என்சாண்ட் போடுவது இப்படி: ட்ரேடு பெட்டியில் கைமாறும் பொருள்களுக்கு 6 கட்டம். அதன் கீழே, கைமாறாத பொருளுக்குத் தனியாக 7ஆவது கட்டம். வாடிக்கையாளர் தன் வாளை அந்த ஏழாவதில் வைப்பார், நான் மந்திரம் போடுவேன், இருவரும் சம்மதம் அழுத்தினால் வாள் அவரிடமே ஜொலிக்கும். வாள் என் கைக்கு வருவதே இல்லை, அதனால் அதில் பயமில்லை. பயம் அதற்கு முந்தின ட்ரேடில். மெட்டீரியல் என் பையில் இருந்தால்தான் மந்திரம் போட முடியும், ஆகவே முதலில் ஒரு ட்ரேடில் அவர் ஷார்டையும் ஆர்பையும் எனக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு ட்ரேடுக்கும் நடுவில் இருப்பது வெறும் நம்பிக்கை.

அந்த நடுவில்தான் ஒரு நாள் எங்கள் தெருவில் கரண்ட் போனது.

பிறகு ஃபார்முலாவைக் காசு சேர்த்து வாங்கியிருந்தேன், க்ரூசேடர் கேட்டு ஒரு வாரியர் வந்திருந்தார். மெட்டீரியல் வாங்கினேன், மானிட்டர் அணைந்தது. நாற்பது நிமிடம் கழித்து நுழைந்தால், சாட்டில் என் பெயர் திருடன் பட்டியலில் ஏறியிருந்தது. மன்னிப்புக் கேட்டு, போட்டுக் கொடுத்து, கூலி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதோடு முடிந்ததா? இரண்டு நாள் கழித்துப் பையை அடுக்கும்போது ஷார்டு ஒன்று கூடுதலாக இருந்தது. அவசரத்தில் அவர் 4க்குப் பதில் 5 கொடுத்திருக்கிறார், நான் எண்ணவே இல்லை. தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் பார்வையில், பிடிபட்ட பிறகு திருப்பிக் கொடுத்தவன்தானே நான்.

அன்றிலிருந்து சில பழக்கங்கள். வாங்கியதும் எண்ணிச் சொல்வேன்: "4 ஷார்டு, 2 ஆர்ப் வந்தது." கூட வந்தால் அப்போதே திருப்பி நீட்டுவேன். என் சொந்த ஷார்டுகளை வங்கியில் போட்டுவிட்டுத்தான் கடை திறப்பேன், இரண்டு சரக்கும் ஒரே பையில் கலக்காது. கரண்ட் போனால் போனில் நண்பனைக் கூப்பிட்டு, "இன்னாருக்கு விஸ்பர் போடு, ஓடிப் போகலைன்னு சொல்லு" என்று ஏற்பாடு.

கூலியை முன்னாலேயே எண்ணாகச் சொல்லுங்கள். 'உங்கள் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு, கொடுத்தது குறைவு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள் நம்மில் நிறைய. இஷ்டம் என்றால் இஷ்டம்தான், பூஜ்யம் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே அனுப்ப வேண்டும். என் கணக்கில் என் நிரந்தரக் குழுவான கில்டுக்கும் அன்று கூட டஞ்சன் வந்தவர்களுக்கும் இலவசம், மற்றவர்களுக்கு ஒரே விலை. கூல்டவுன் இருக்கும் வேலைக்குக் கூலி கேட்பது முழுக்க நியாயம். டெய்லர் ஒரு மூன்கிளாத் நெய்தால் அடுத்ததற்கு 4 நாள் காத்திருக்க வேண்டும், அந்த நான்கு நாளும் அவருடையது. 'மெட்டீரியல் நான்தானே கொடுக்கிறேன், கூலி எதற்கு' என்பவரிடம் வாதாடாதீர்கள். வேறு டெய்லர் கிடைப்பார் என்று வாழ்த்தி அனுப்புங்கள்.

நாற்பது பேர் சரக்கு

மால்ட்டன் கோர் மாதிரி 40 பேர் ரெய்டில் கோர் லெதர், ஃபயரி கோர், லாவா கோர் எல்லாம் கில்டுக்குப் போவதுதான் பொதுவான வழக்கம். அதில் நெருப்புத் தடுப்புக் கவசம் செய்து முதலில் டேங்குகளுக்குக் கொடுப்பார்கள். நீங்கள் ஸ்கின்னர் என்பதற்காகக் கோர் லெதர் உங்களுடையது ஆகிவிடாது. உரித்ததும் சரக்கைப் பங்கிடும் பொறுப்பாளரான மாஸ்டர் லூட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், கில்டு பேங்க் என்ற வசதியே 2007 நவம்பரில் 2.3 பேட்சில்தான் வந்தது. கிளாசிக் அதற்கு முந்தின 1.12ஐ ஒட்டியது. ஆகவே யாரோ ஒருவருடைய தனி கேரக்டர்தான் பேங்க். எங்கள் கில்டில் ஆறு மாதம் நான் அந்த வேலை பார்த்தேன். தேதி, யார் கொடுத்தது, எத்தனை, யாருக்குப் போனது என்று நான்கு பத்தி ஷீட், எல்லாரும் திறந்து பார்க்கலாம், என்னைத் தவிர யாரும் திருத்த முடியாது. சீட்டு நடத்துகிறவர் நோட்டு மாதிரி. ஒரு முறை 3 லாவா கோர் கணக்கில் உதைத்தது. இரவு ஒரு மணி வரை தேடினேன். கடைசியில் என் மேஜின் தபால் பெட்டியில் கிடந்தது.

புதிய விளையாட்டுகளில் பாதிப் பிரச்சினையை விளையாட்டே தீர்த்துவிடுகிறது. கில்டு வார்ஸ் 2 என்ற இன்னொரு விளையாட்டில் ஆளாளுக்குத் தனித்தனிச் செடி, தனித்தனித் தாது. நான் வெட்டினால் உங்களுக்குக் குறையாது. 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃப்ளைட் என்ற வார்கிராஃப்ட் விரிவாக்கத்தில் கிராஃப்டிங் ஆர்டர் என்ற முறை வந்தது. மெட்டீரியலும் கூலியும் முன்பே படிவத்தில் ஏறிவிடும், கரண்ட் போனாலும் யாரும் திருடன் ஆவதில்லை. ஆனால் அது வந்த புதிதில், குறைந்தபட்சத் தரம் இவ்வளவு வேண்டும் என்று பொது ஆர்டரில் குறிப்பிட வழியிருக்கவில்லை. அதனால் அரைகுறைத் தரத்தில் செய்து கூலியை எடுத்துக்கொள்பவர்கள் அங்கே முளைத்தார்கள். நல்ல தரம் வேண்டும் என்றால் தெரிந்த ஆளின் பெயரைப் போட்டே ஆர்டர் அனுப்புங்கள்.

அந்த ஸ்ட்ராத்ஹோம் டேங்க் ஓராண்டு கழித்து ஒரு நாள் விஸ்பர் செய்தார். க்ரூசேடர் வேண்டுமாம். பெயரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது, அவருக்கு என்னை ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. 4 ஷார்டு, 2 ஆர்ப் வந்தது என்று எண்ணிச் சொன்னேன். கோடரியை ஏழாவது கட்டத்தில் வைத்தார், போட்டுக் கொடுத்தேன். கூலி எவ்வளவு என்றார். இரண்டு ஆர்ப் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், கணக்குச் சரி என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது.

'கே'.